புதுசுதாங்க, தெரியாம உக்காந்துட்டேன்!

ஆணி அதிகம். பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு என்னை எழுத வச்சது மத்தியானம் ஆபீஸ் கேண்டீன்ல காதுல விழுந்த ஒரு பேச்சு.

இங்க டென்வர்ல எங்க டீமுக்குப் புதுசா நாலு பசங்க வந்திருக்காங்க. வர்ற சனிக்கிழமை ஸ்னோபோர்டு வாடகைக்கு எடுத்துக்கிட்டு மலைக்குப் போறாங்களாம். ஒருத்தன் சொல்றான்: "அந்த ஜம்ப் எல்லாம் கட்டி வச்சிருக்கற எடத்துக்குப் போயி, ஜம்புக்குக் கீழ உக்காந்து ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடணும் மச்சி. யாராச்சும் கத்துனா புதுசுன்னு சொல்லிக்கலாம்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா அந்தப் போட்டோ என்கிட்ட இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு பிப்ரவரி மாசம். நாங்க அஞ்சு பேர், ஒரு வாடகை வண்டி, ஒரு டப்பா புளிசாதம், ஐ-70 டிராபிக்ல மூணு மணி நேரம். அன்னிக்குத்தான் நான் ஸ்னோபோர்டுல மூணாவது தடவை நிக்கறேன். இடது பக்கம் திரும்ப வரும், வலது பக்கம் திரும்ப வராது. இந்த லட்சணத்துல டெரெய்ன் பார்க்குக்குள்ள போனோம். ஒரு ஜம்பைச் சுத்திக்கிட்டு ஓரமா இறங்கினேன். அதோட அந்தப் பக்கச் சரிவுல ஒரு கால் பைண்டிங் கழண்டுடுச்சு. அங்கயே உக்காந்து மாட்ட ஆரம்பிச்சேன். கீழ நின்னுட்டிருந்த நண்பன் போனைத் தூக்கிக் காட்டினான். நானும் ரெண்டு விரலைக் காட்டி இளிச்சேன்.

போட்டோல நான் இளிக்கறேன். என் தலைக்கு மேல வானத்துல நீலக் கலர் ஜாக்கெட் போட்ட ஒரு பையன்.

அவனுக்கு 12 வயசு. காத்துல இருக்கும்போதுதான் என்னைப் பாத்திருக்கான். என் மேல விழக்கூடாதுன்னு உடம்பை முறுக்கிப் பக்கவாட்டுல விழுந்தான். காறை எலும்பு முறிஞ்சுது. எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. பனி மீட்புக் குழு வந்து அவனை சறுக்கு ஸ்ட்ரெச்சர்ல வச்சுக் கட்டறப்ப அவங்க அப்பா என்கிட்ட வந்தார். திட்டுவார்னு நெனச்சேன். "மேலேருந்து வர்றவங்களுக்கு நீங்க இங்க இருக்கறது தெரியும்னு நெனச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

நான் சொன்னது: "புதுசுங்க, தெரியாது."

இந்தப் பதிவு அந்த பதிலுக்கு எதிராத்தான்.

பனியே பாக்காத நம்ம மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பனிச்சறுக்கு மலைகள்ல ஒரு பகுதியை வேலி போட்டுப் பிரிச்சு, செயற்கையா மேடுகளும் ஜம்புகளும் கட்டி, இரும்புக் குழாய், பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் பதிச்சு வச்சிருப்பாங்க. அதுதான் டெரெய்ன் பார்க். வாசல்ல ஆரஞ்சுக் கலர் நீள்வட்டப் பலகை இருக்கும். ஒலிம்பிக்ஸ்ல 2014 சோச்சியில இருந்து ஸ்லோப்ஸ்டைல்னு ஒரு போட்டி வருதே, அது இந்த மாதிரி இடத்துலதான் நடக்கும்.

இதுல டேபிள்டாப்னு ஒரு ஜம்ப் ரகம். ஏறுமுகமா ஒரு சரிவு, நடுவுல மேஜை மாதிரி தட்டை, அப்பறம் இறங்குமுகமா ஒரு சரிவு. தட்டை முடிஞ்சு இறக்கம் ஆரம்பிக்கற விளிம்புக்கு நக்கிள்னு பேரு. எகிறிக் குதிக்கறவன் தட்டையைத் தாண்டி அந்த இறக்கத்துல வந்து விழணும். சரிவுல விழுந்தா விழற வேகம் சறுக்கற வேகமா மாறிடும், முட்டி தப்பிக்கும். தட்டையில விழுந்தா மாடியிலேருந்து குதிச்ச மாதிரி.

இப்ப முக்கியமான விஷயம். மேல கிளம்பற எடத்துலேருந்து பாத்தா அந்த இறக்கம் தெரியாது. நக்கிள் மறைச்சுடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல வர்றவன் ஒரு விநாடி காத்துல இருந்தா 8 மீட்டர் தாண்டிடுவான். அந்த ஒரு விநாடியில அவனால திரும்ப முடியாது, நிக்க முடியாது. காத்துல இருக்கறவனுக்கு பிரேக் கிடையாதுங்க. அதனால மொத்தப் பொறுப்பும் தரையில இருக்கறவங்க தலையில. பார்க் மரியாதைன்னு சொல்றதெல்லாம் இதுக்குள்ள அடக்கம். அது நாகரிகம் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் இல்லை, எலும்பு சம்பந்தப்பட்டது.

மேம்பாலத்தோட அந்தப் பக்க இறக்கத்துல, ஏறி வர்ற வண்டிக்குத் தெரியாத எடத்துல பாய் விரிச்சுப் படுத்துட்டு "நான் ஊருக்குப் புதுசு"ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? நான் பண்ணது அதான்.

அன்னிக்கு ராத்திரி திரும்பி வர்றப்ப வண்டியில எனக்கு ஆறுதல் சொல்றோம்னு நண்பர்கள் சொன்ன வாதங்கள் இருக்கே! அப்ப எனக்கும் இனிச்சுது. அதுக்கப்பறம் ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேன்.

1. "கீழ இருக்கறவனுக்குத்தான் முன்னுரிமை. ரூல்லயே இருக்கு."

இருக்கு. அமெரிக்கப் பனிமலைகள்ல எல்லா எடத்துலயும் ஒட்டியிருக்கற பொறுப்பு விதிகள் 1962-லேருந்து இருக்கு. 2022-ல திருத்தி 10 விதியா ஆக்கினாங்க. ரெண்டாவது விதி இதான்: உனக்கு முன்னாடி, கீழ இருக்கறவங்களுக்கு முன்னுரிமை, நீதான் விலகணும். சரி. அடுத்த வரியைப் படிக்கறதுக்குள்ள நம்மாளுங்களுக்கு என்ன அவசரம்? மூணாவது விதி: மேலேருந்து பாத்தா தெரியற எடத்துல, அடுத்தவங்க வழியை மறிக்காம மட்டும்தான் நிக்கணும். டாக்குமெண்டுல தனக்கு சாதகமான பத்தியை மட்டும் படிச்சுட்டுக் கோடு எழுதற பழக்கம் நமக்கு மலை வரைக்கும் போகுது.

2. "டிக்கெட் காசு குடுத்திருக்கோம்ல, எங்க வேணா நிப்போம்."

அந்தப் பையனோட அப்பாவும் காசு குடுத்துத்தான் கூட்டிட்டு வந்தார். நாம வாங்கின டிக்கெட் லிஃப்ட்ல ஏறிப் போகறதுக்கு. ஜம்பை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பயன்படுத்தலாம். பொட்டி தட்டற ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, அது ஒரு கிரிட்டிகல் செக்‌ஷன். ஒருத்தன் லாக் எடுத்துட்டுப் போனா, அவன் வெளிய வந்து லாக்கை விடற வரைக்கும் அடுத்தவன் காத்திருக்கணும். நான் லாக்கே எடுக்காம உள்ள பூந்து, உள்ளயே உக்காந்துட்டேன்.

3. "விழுந்தா நமக்குத்தானே அடி?"

இதுதான் இருக்கறதுலயே மோசமான வாதம். என் கதையில அடி யாருக்கு? விழறது தப்பில்லை. புதுசுன்னா விழத்தான் செய்வோம். விழுந்த எடத்துலயே கிடக்கறதுதான் தப்பு. எந்திரிக்க முடிஞ்சா உடனே ஓரத்துக்கு நகரணும், உருண்டாவது. முடியாத அளவுக்கு அடின்னா, கூட வந்தவன் நக்கிளுக்கு மேல போயி, வர்றவங்களுக்குத் தெரியற மாதிரி ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்காப் பிடிச்சு நிக்கணும். வழி மூடியிருக்குன்னு அர்த்தம். எங்க அஞ்சு பேர்ல ஒருத்தனுக்குக் கூட இது தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பொண்ணு ஓடி வந்து நின்னுச்சு.

4. "ஹெல்மெட் போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது."

ஹெல்மெட் கண்டிப்பாப் போடுங்க. ஆனா அது மந்திரத் தகடு இல்லை. கெவின் பியர்ஸ் அமெரிக்காவோட முன்னணி ஸ்னோபோர்டு வீரர். வான்கூவர் ஒலிம்பிக்ஸுக்கு ஒண்ணரை மாசம் இருக்கறப்ப, 2009 டிசம்பர் 31 அன்னிக்கு, யூட்டாவுல பார்க் சிட்டியில பயிற்சி பண்றப்ப விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். அப்படியும் மூளையில பலத்த காயம். உயிர் பிழைச்சார், நடந்தார், ஆனா போட்டிகளுக்குத் திரும்ப முடியலை. 'தி க்ராஷ் ரீல்' (2013) ஆவணப்படம் அவரைப் பத்தினதுதான். சனிக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க. புதுசா கத்துக்கறவங்க அதிகமா உடைச்சுக்கறது மணிக்கட்டுதான்கறதும் ஞாபகம் இருக்கட்டும். விழும்போது உள்ளங்கையை விரிச்சு ஊணாதீங்க, முஷ்டியை மடக்கிக்கோங்க. ரிஸ்ட் கார்டு வாங்கிப் போடுங்க.

"அப்ப புதுசா வர்றவங்க பார்க் பக்கமே வரக்கூடாதுங்கறியா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. நிறைய மலைகள்ல ஆரம்ப நிலைக்காரங்களுக்குன்னே குட்டி பார்க் இருக்கு. ஜம்பு, ரெயில் எல்லாத்துக்கும் சின்னது, நடுத்தரம், பெருசுன்னு அளவு எழுதிப் பலகை வச்சிருப்பாங்க. அமெரிக்க ஸ்கீ சங்கம் அஞ்சே விஷயம் சொல்லுது: சின்னதுல ஆரம்பி, திட்டம் போட்டுக்கோ, எப்பவும் பாத்துப் போ, மத்தவங்களை மதி, அளவோட ஆடு. இதுக்கு இஞ்சினியரிங் டிகிரி தேவையில்லை.

நான் அதுக்கப்பறம் கத்துக்கிட்டதைச் சொல்றேன். முதல் ரவுண்டுல எதுலயும் ஏறாம, ஓரமா மேலேருந்து கீழ வரைக்கும் மெதுவாப் போயி எது எங்க இருக்குன்னு பாத்துக்கணும். நேத்து இருந்த ஜம்பு இன்னிக்கு மாறியிருக்கும். காலையில ஐஸ் மாதிரி இருந்தது மத்தியானம் கஞ்சி மாதிரி ஆகியிருக்கும். கிளம்பற எடத்துல வரிசை உண்டு. கோடு போட்டிருக்காது, ஆனா உண்டு. நம்ம முறை வந்ததும் கையைத் தூக்கி "டிராப்பிங்!"னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் கிளம்பணும். முன்னாடி போனவன் இறங்கி விலகிட்டான்னு கண்ணால பாக்கணும். தெரியலைன்னா இன்னும் கொஞ்சம் காத்திருக்கணும். ஜம்பை நோக்கி வந்துட்டுக் கடைசி நிமிஷத்துல பயந்தா ஓரமா ஒதுங்கிடணும். ஏறுசரிவுல குறுக்கால பிரேக் அடிச்சு நின்னா அதுல பள்ளம் விழும், அடுத்து வர்றவன் போர்டு அதுல மாட்டும். ராத்திரி முழுக்க மிஷினை ஓட்டி, காலையில மண்வெட்டியும் வாரியும் வச்சு ஒருத்தர் இழைச்சு வச்ச சரிவு அது. பெட்டி மேல ஏறினா போர்டை மட்டமா வச்சுக்கணும், விளிம்பைச் சாய்ச்சீங்கன்னா வாழைப்பழத்தோல்தான். இன்னொண்ணு: ஸ்னோபோர்டுல பக்கவாட்டாத்தான் நிப்போம், அதனால மலையில பாதி எப்பவும் நம்ம முதுகுக்குப் பின்னாடி. திரும்பிப் பாக்காம திரும்பாதீங்க.

எதிர்ப்பக்கத்துக்கும் ரெண்டு வார்த்தை சொல்லணும், இல்லைன்னா நியாயம் ஆகாது.

பார்க்கே தங்களோட பரம்பரைச் சொத்துங்கற மாதிரி புதுசா வர்றவனைப் பாத்துக் கெட்ட வார்த்தையில கத்தற சீனியர் சிங்கங்களே, கத்தினா அவன் பயந்து அங்கயே உறைஞ்சு நிப்பான். "தம்பி, இந்தப் பக்கம் வா, அங்க நின்னா தெரியாது"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

மலைக் கம்பெனிகளும் யோக்கியமில்லை. 2004-ல வாஷிங்டன் மாநிலத்துல ஸ்கீ பண்ண ஒரு இளைஞர் டேபிள்டாப்போட இறக்கத்தையே தாண்டிப் போய் விழுந்து கை கால் செயலிழந்துட்டார். கட்டினவங்க மேலயும் தப்பு இருக்குன்னு சொல்லி 2007-ல நடுவர் குழு 1.4 கோடி டாலர் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு. ஆக, வாசல்ல ஒரு பலகையை நட்டுட்டுக் கையைக் கழுவற வேலை எல்லா நேரமும் செல்லாது. எங்களுக்கு வாடகைக் கடையில கையெழுத்து வாங்கின காகிதம் நாலு பக்கம். நக்கிளுக்குக் கீழ உக்காராதேன்னு வாயால சொன்னவங்க யாருமில்லை.

ஆனா இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பாக்கலை. வாசல்ல பலகை இருந்துச்சு. அதுல எழுத்தும் இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல நின்னும் போட்டோ எடுத்துக்கிட்டோம், படிக்கலை.

"தெரியாது"ங்கறது ஒரு நிலைமை. அதுல யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. "தெரியாதுன்னு சொல்லிக்கலாம்"ங்கறது ஒரு முடிவு. மத்தியானம் கேண்டீன்ல நான் கேட்டது அந்த முடிவை. புதுசா வர்றவனுக்குச் சலுகை குடுக்கலாம், மெதுவாப் போக, விழ, பத்துத் தடவை கேள்வி கேக்க. அடுத்தவன் எலும்பு மேல சலுகை கிடையாது. சொல்லப் போனா தெரிஞ்சவனை விடத் தெரியாதவனுக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தி. அவனாலதான் சட்டுனு விலக முடியாது.

சாப்பிட்டு முடிச்சதும் அந்தப் பையன்கிட்ட என் போட்டோவைக் காட்டினேன். "செம டைமிங்ணா, பின்னாடி ஒருத்தன் பறக்கறான்!"னான். அப்பறம் நடந்ததைச் சொன்னேன். சனிக்கிழமை அவங்க கூட நானும் போறேன்.

பி.கு. 1: அந்தப் பையன் நல்லாயிருக்கான். பத்தாவது விதிப்படி அன்னிக்கு அவங்க அப்பாவும் நானும் நம்பர் குடுத்துக்கிட்டோம். அடுத்த சீசன்ல அவன் திரும்ப பார்க்குக்குப் போக ஆரம்பிச்சுட்டான்னு மெசேஜ் வந்துச்சு. எனக்குத்தான் அந்த ஜம்புப் பக்கம் போக இன்னும் கால் கூசுது.

பி.கு. 2: போட்டோவைப் போடச் சொல்லிக் கேக்காதீங்க. போட மாட்டேன். திட்டணும்னா பின்னூட்டத்துல தாராளமாத் திட்டுங்க, வாங்கிக்கறேன்.