பிதற்றல்

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் கிரிவலம். பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி ஜனம் நடக்கும். ஈஸ்டருக்கும் முழுநிலவுதான் கணக்கு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2025இல் பங்குனிப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை இரவு, பக்கத்து வீட்டு அக்கா அழைத்ததால் பாஸ்கா பூசைக்குப் போனேன். நான் கிறிஸ்தவள் அல்ல. இருட்டில் மெழுகுதிரி விட்டு மெழுகுதிரிக்கு நெருப்பு கைமாறி வந்தது. பிறகு லூக்கா நற்செய்தியை வாசித்தார்கள்.

விடியலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள்: மகதலா மரியா, யோவன்னா, யாக்கோபின் தாய் மரியா, இன்னும் சிலர். கல்லறை காலி, அவர் உயிர்த்துவிட்டார் என்று திரும்பி வந்து சொன்னவர்களும் அவர்களே. ஆண் சீடர்களுக்கு அது பிதற்றலாகப் பட்டது. நம்பவில்லை. இதை வாசித்தவர் சாமியார். பூசையில் நற்செய்தி வாசிக்கக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு இன்றும் அனுமதி இல்லை. முதலில் சொன்னவள் பெண். அதைத் திருப்பிச் சொல்லும் உரிமை ஆணுக்கு.

அப்போது எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். சில ஆண்டுகளுக்கு முன் என் அறை வாசலில் நின்றபடியே ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொன்னாள். "யாராச்சும் பாத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்." அவ்வளவுதான். புகார் எழுதவில்லை, அடுத்த பருவத்தில் வகுப்புக்கும் வரவில்லை. எழுத முடியாதவளுக்கு எழுத உதவுவது புகார்க் குழுவின் கடமை என்று 2013 சட்டமும் 2015 பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும் சொல்கின்றன. பெண்ணியம் பாடம் நடத்தும் எனக்கு அது தெரியும். பேதுருவாவது எழுந்து ஓடிப்போய்க் கல்லறையைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

நம்பப்படாதவளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதையும் மரியாவின் வரலாறு சொல்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் உயிர்ப்பின் சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார். ஐந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், அவள் பெயர் இல்லை. 591இல் போப் முதலாம் கிரகோரி, லூக்காவில் வரும் பெயரற்ற பாவிப் பெண்ணும் அவளும் ஒருத்தியே என்று பிரசங்கித்தார். முதலில் பெயர் போனது. பிறகு நடத்தை போனது. நம் ஊர்களிலும் இதே வரிசைதானே? ரோமத் திருச்சபை அந்தக் குழப்பத்தை விலக்க 1969 ஆனது. அவள் நாளைத் திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையாக உயர்த்த 2016 ஆனது.

இதைச் சொல்லி இந்துக்கள் நிமிர்ந்துகொள்ள வேண்டாம். உமை தவமிருந்து இடப்பாகம் பெற்ற ஊர் இது. அந்த அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வருவது கார்த்திகை தீபத்தன்று சில நிமிடங்கள்தான்.

அப்படியென்றால் ஈஸ்டரில் எனக்கு என்ன நம்பிக்கை? தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. நாளை விடியும் என்பதும் நம்பிக்கை. ஒருத்தி சொல்வதை ஏற்பதும் நம்பிக்கை. 'நம்பு' என்பதற்கு விருப்பம் என்று பொருள் சொல்கிறார் தொல்காப்பியர். கேட்க விருப்பமில்லாதவர்களிடம்தான் நாம் சாட்சி தேடி அலைகிறோம். அந்த முதல் நம்பிக்கை, இரண்டாவது இல்லாமல் பிறக்காது. உலகம் முழுக்கக் கொண்டாடும் ஈஸ்டரே, பிதற்றல் என்று தள்ளப்பட்ட பெண்களின் வாக்குமூலத்தில்தான் நிற்கிறது. அவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் பண்டிகை ஏது?

கல்லறைக் கல்லை யார் புரட்டுவார் என்று தெரியாமலே அந்தப் பெண்கள் நடந்தார்கள் என்கிறது மாற்கு. உயிர்த்தெழுதலை நான் நம்ப வேண்டியதில்லை. அந்த நடையை நம்புகிறேன்.

தோழியரே, உங்கள் வாசலிலும் ஒருத்தி வந்து நிற்பாள். சாட்சி கேட்காதீர்கள். முதலில் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். "உக்காரும்மா, சொல்லு" என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பேனாவை எடுங்கள்.