பேரேட்டில் இல்லாத தெரு

கணக்கு நேராகிவிட்டது என்கிறார்கள். யாருக்கு நேராகிவிட்டது?

இந்தக் கேள்வியோடு நாம் பேரூராட்சி வாசலுக்குப் போனதில்லை. ரோடு கேட்டுப் போகிறோம். தண்ணி கேட்டுக் காலிக் குடத்தோடு போகிறோம். சுடுகாட்டுப் பாதை கேட்டு மறியல் செய்கிறோம், அடி வாங்குகிறோம், வழக்கு வாங்குகிறோம். கணக்கு கேட்டு மட்டும் போவதில்லை. அது ஆபீஸ் சமாச்சாரம், படித்தவன் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். விட்டதில் யாருக்கு லாபம் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் பேரேடு பார்க்கிறவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், தோழர்களே: ஓர் ஊரின் சாதியைத் தெரிந்துகொள்ளத் தேரோட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அதன் ஆண்டுக் கணக்கைக் கையில் எடுங்கள், போதும்.

2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள், 138 நகராட்சிகள். அத்தனைக்கும் வருடம் ஏப்ரல் 1-இல் பிறந்து மார்ச் 31-இல் முடிகிறது. வருடம் பிறக்கும் முன் வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் நிறைவேற வேண்டும். வருடம் முடிந்ததும் ஆண்டுக் கணக்கு தயாராக வேண்டும். பிறகு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வந்து தணிக்கை செய்யும். சட்டப்படி எல்லாம் சுத்தம்.

வரவுப் பக்கத்தைப் பாருங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி. தொழில் வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம். பஸ் ஸ்டாண்டு கடை வாடகை, சந்தைக் குத்தகை, கட்டணக் கழிப்பறைக் குத்தகை. இதற்கு மேல் மாநில நிதி ஆணைய மானியம், மத்திய நிதிக் குழு மானியம். சின்ன ஊர்கள் பலவற்றுக்கும் உயிர் ஓடுவது இந்த மானியத்தில்தான். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர்வது என்பது ஏற்பாடு. ஊருக்கு ஊர் பங்கிடும்போது முக்கிய அளவுகோல் மக்கள்தொகை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். ஊர்த்தெரு டீக்கடையில் காலகாலமாக ஒரு பேச்சு உண்டு. “காலனிக்காரன் என்னய்யா வரி கட்டுறான்? நாங்க கட்டுற வரியில இவனுக்கு ரோடு, இவனுக்கு லைட்டு.” இதைக் கேட்டு நம்ம ஆளே தலைகுனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் குனிய வேண்டும்? சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி, வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் வரி, கூலி முழுக்க டாஸ்மாக்கில் விட்டால் அதிலும் வரி. இவை எல்லாம் சேர்ந்துதான் மாநிலத்தின் வரி வருவாய். அதிலிருந்து ஊருக்கு வரும் பங்கு தலையை எண்ணி வருகிறது. எண்ணிய தலைகளில் சேரித் தலையும் உண்டு. பணம் வாங்க எங்கள் தலை வேண்டும். பணம் செலவாகும்போது எங்கள் தெரு எங்கே?

இனிச் செலவுப் பக்கம். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்டியது, தெருவிளக்குப் பராமரிப்பு, சாலை, வடிகால், பொது சுகாதாரம். எல்லாம் தலைப்புகள். ஒரு தெருவின் பெயர்கூட இல்லை. ‘வடிகால் பணி’ என்று 10 லட்ச ரூபாய் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சமும் கடைவீதியிலேயே போயிருந்தாலும் அந்த வரி அப்படித்தான் இருக்கும். 15 வார்டுக்கும் நியாயமாகப் பிரித்திருந்தாலும் அந்த வரி அப்படித்தான் இருக்கும். அநியாயத்துக்கும் நியாயத்துக்கும் ஒரே கூட்டுத்தொகை! இந்தக் கணக்கைத்தான் ‘நேராகிவிட்டது’ என்கிறார்கள்.

தணிக்கையாளர் என்ன செய்வார்? வவுச்சர் இருக்கிறதா, டெண்டர் விதிப்படி நடந்ததா, அளவு சரியா, பிடித்தம் செய்தார்களா என்று பார்ப்பார். குறை இருந்தால் தணிக்கைத் தடை எழுதுவார். அது தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ‘இந்த ஊரில் சாக்கடை ஏன் சேரி எல்லையில் வந்து நின்றுவிட்டது’ என்று தடை எழுத அவரிடம் கட்டம் கிடையாது. திருட்டைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்குக்குத் தெரியும். தீண்டாமையைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

தெருப் பெயர் எங்குமே இல்லையா? இருக்கிறது. அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு வேலைக்கும் அளவுப் புத்தகம் உண்டு, ஓவர்சியர் எழுதும் ‘எம்-புக்’. எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், எல்லாம் அதில் இருக்கும். அங்கிருந்து பில், பில்லிலிருந்து ரொக்கப் புத்தகம், பேரேடு, ஆண்டுக் கணக்கு என்று மேலே ஏற ஏறத் தெரு உதிர்ந்துவிடுகிறது. மன்றத்துக்கு வந்து சேர்வது வெறும் தொகை. ஊரே பார்க்க வேண்டிய காகிதத்தில் தெரு இல்லை, யாரும் பார்க்காத காகிதத்தில் தெரு இருக்கிறது. இது எழுத்தரின் மறதி என்றா நினைக்கிறீர்கள்?

கணக்கு எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய சொல் உண்டு, அனாமத்து. எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் இடம். வங்கியில் அனாமத்துக் கணக்கை நீண்ட நாள் விட்டுவைக்க முடியாது, மேலதிகாரி குடைந்தெடுத்துவிடுவார். ஊர்க் கணக்கில் சேரியே அனாமத்துதான். தீர்க்கச் சொல்லிக் குடைய ஆள் இல்லை.

செலவில் நாம் இருக்கும் ஓர் இடம் மட்டும் உண்டு, பொது சுகாதாரம். ஊர்க் குப்பையை வாரி, சாக்கடை அள்ளி, மலக்குழிக்குள் இறங்கி அந்தத் தலைப்பில் இடம் பிடித்திருக்கிறோம். முன்பு ‘துப்புரவு’ என்றார்கள், 2020-இல் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, சாதி மாறவில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் பேரேட்டில் நடந்தது. நிரந்தர வேலைக்காரன் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் இருந்தான். அவனுக்கு விடுப்பு, பணிக்கொடை எல்லாம் ஊர் கொடுக்க வேண்டிய கடனாக இருந்தன. அவன் ஓய்வு பெற்ற இடத்தை நிரப்பாமல் ஒப்பந்தக்காரனிடம் விட்டார்கள். 2022 அக்டோபரில் வந்த 152-ஆம் எண் அரசாணை இந்த வெளிமுகமை முறைக்கு அகலமான வாசல் திறந்தது. இப்போது அதே வேலை, அதே தெரு, அதே சாதி. ஆனால் சம்பளம் என்ற தலைப்பில் அவன் இல்லை. பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில் மாதிரி அவனும் ஒரு காண்ட்ராக்டர் பில். மனிதன் சரக்காகிவிட்டான். நிர்வாகம் இதற்குச் ‘சிக்கனம்’ என்று பெயர் வைத்திருக்கிறது.

கலெக்டர் வருடாவருடம் தினக்கூலி நிர்ணயித்து ஆணை போடுகிறார். அந்த ஆணையையும் கையிலிருக்கும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று தூய்மைப் பணி செய்யும் அக்காமாரிடம் சொல்லுங்கள். பி.எஃப். பிடித்தார்களா, கட்டினார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். ஆணையில் இருக்கும் தொகைக்கும் பாஸ்புக்கில் ஏறும் தொகைக்கும் இடையில் பள்ளம் இருந்தால், அந்தப் பள்ளத்தில் நின்றுதான் ஊர் தன் பட்ஜெட்டை நேர் செய்திருக்கிறது.

ரொக்கம் வந்தது, ரொக்கம் போனது என்று எழுதிய காலம் போய், வர வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் சேர்த்தெழுதும் முறை நம் நகராட்சிகளுக்கு 2000-01 முதல் வந்தது. நல்ல முறைதான். அதன்படி குப்பை லாரிக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதுகிறார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம், சாலைக்குத் தேய்மானம், பம்பு செட்டுக்குத் தேய்மானம். லாரியில் நின்று குப்பை அள்ளுகிறவளின் நுரையீரலுக்கு என்ன தலைப்பு? மலம் அள்ளவைப்பதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம். 1993 முதல் மலக்குழியில் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. செத்த பிறகு விலை உண்டு. உயிரோடு தேய்வதற்குக் கணக்கே இல்லை.

காகிதத்தில் நியாயம் எழுதிவிட்டு மண்ணில் அதை மறுப்பது சின்ன ஊர்களுக்குப் புதிதல்ல. மராட்டியத்தில் மகாத் என்றொரு சின்ன ஊர். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிடச் சொல்லி 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் எழுதிவைத்தது. எழுதியதோடு சரி. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உடனே நகராட்சி என்ன செய்தது? அதே ஆண்டு ஆகஸ்டில் தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்துகொண்டது! வழக்கு பத்து வருடம் நடந்து 1937-இல் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ந்தது. குளம் நகராட்சியுடையது, நகராட்சி பொதுப்பணத்தில் நடப்பது, பொது என்பதில் நாங்களும் உண்டு. இதைச் சொல்லவே அத்தனை ரத்தம்.

அம்பேத்கர் படித்த படிப்பு என்ன என்று நம் மாணவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். 1915-இல் கொலம்பியாவில் அவர் எழுதிய ஆய்வேடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1925-இல் வெளிவந்த நூல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றியது. பொதுப்பணம் யாரிடமிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வெள்ளைக்காரனின் பேரேட்டைப் பிரித்துப் பார்த்தவர் அவர். சிலைக்கு மாலை போடுகிறோம். சிலையின் கையில் இருக்கும் புத்தகத்தை மட்டும் திறப்பதில்லை.

கணக்கும் கையெழுத்தும் நம் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1997 ஜூன் 30 சாட்சி. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டப்பட்டது ஒரு நாற்காலிக்காக மட்டுமா? அந்த நாற்காலியோடு வரும் ஊர்ச் சொத்து, ஏலம், செக்கில் போடும் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். நகரங்களில் கத்தி இல்லாமலே காரியம் நடந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள். கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத அறையில் பட்ஜெட்டைப் போட்டதும் அதிகாரி, நிறைவேற்றியதும் அதிகாரி. தேர்தல் வந்த பிறகு மட்டும் என்ன? டீயும் வடையும் முடிவதற்குள் பட்ஜெட் கூட்டம் முடிந்துவிடும் ஊர்கள் எத்தனை! கை தூக்குகிறவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. அவர்களையும் கேட்க வேண்டும்.

“தெருவாரியா கணக்குப் பிரிச்சா ஊருக்குள்ள சாதிப் பிரிவினை வரும், தோழர்” என்று முற்போக்கு நண்பர்கள் சொல்வார்கள். ஐயா, ஊரையும் சேரியையும் பிரித்தது நாங்களா? பிரித்தது நீங்கள், பிரிவு தெரியாதபடி கூட்டி எழுதுவதும் நீங்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற நிதியைத் தனியே ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்ற கொள்கை சிறப்புக் கூறுத் திட்டமாக வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இலேயே இதற்குச் சட்டம் போட்டன. தமிழ்நாட்டுக்கு 2024 வரை ஆயிற்று. கோட்டையில் பிரித்துக் காட்டுவது சரி என்றால் பேரூராட்சியில் பிரித்துக் காட்டினால் மட்டும் வானம் இடிந்துவிடுமா?

ஆகவே நமது கோரிக்கை ஒன்றுதான். ஆண்டுக் கணக்கோடு தெருவாரி அறிக்கையும் வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் எவ்வளவு வரி கேட்டார்கள், எவ்வளவு வசூல், எவ்வளவு பாக்கி, அந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவு என்று நான்கு கட்டம். கல்யாண மண்டபமும் லாட்ஜும் வைத்திருக்கும் பெரிய மனிதர்களின் பாக்கியும் அதில் தெரியட்டும், இரண்டு மாதம் குடிநீர்க் கட்டணம் கட்டாத காலனி வீட்டின் பாக்கியும் தெரியட்டும். எது பெரிது என்று ஊர் பார்க்கட்டும். எம்-புக்கில் இருப்பதை மேலே கொண்டுவருவதுதான் வேலை. புதிதாக ஒரு பைசா செலவில்லை.

அதுவரை நாமே எழுதுவோம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஆவணத்தை நேரில் பார்வையிட உரிமை உண்டு, நடந்த வேலையைப் போய்ப் பார்க்க உரிமை உண்டு, போட்ட சிமெண்டில் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. கல்லூரி லீவில் வரும் மாணவர்கள் நாலு பேர் போதும். மூன்று வருடத்து வேலைப் பட்டியலை வாங்குங்கள். எம்-புக்கைப் பாருங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி அளந்து பாருங்கள். ஊர்ப் படம் ஒன்று வரைந்து செலவான ரூபாயைத் தெருத்தெருவாக அதில் எழுதுங்கள். அந்தப் படத்தைப் பேரூராட்சி ஆபீஸ் எதிரே ஒட்டுங்கள். மார்ச் மாத பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் ஒட்டுங்கள்.

ஈ.ஓ. கூப்பிட்டு, “கணக்கெல்லாம் சரியாத்தானே தம்பி இருக்கு?” என்று கேட்பார். சரியாகத்தான் இருக்கும். கூட்டல் சரி, கழித்தல் சரி, பெருக்கல் சரி. வகுத்தலை மட்டும் நாங்கள் செய்து காட்டுகிறோம் என்று சொல்லுங்கள்.