வைக்கோலுக்கு விலை

ஐப்பசி பிறந்ததும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயல்களில் தீ மூட்டப்படுவதும், அப்புகை டில்லி நகரைக் கவிந்துகொள்வதும், உடனே விவசாயிகளின்மீது பழி சுமத்தப்படுவதும் வருஷந்தோறும் நாம் காணும் காட்சிகளாகிவிட்டன. 2024 நவம்பரில் இந்திய சர்க்கார் அபராதத்தை இரட்டிப்பாக்கி, 5 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமுடையவர் 30,000 ரூபாய் செலுத்தவேண்டுமென விதித்தனர். அபராதத்துக்கு அஞ்சித் தீ குறையலாம். தீ மூட்டும் அவசியம் எப்படிக் குறையும்?

நிலத்தடி நீரைக் காக்கும்பொருட்டுப் பஞ்சாப் சர்க்கார் 2009-ல் இயற்றிய சட்டத்தினால் நாற்று நடவு தாமதமாகிறது, அறுவடையும் தாமதமாகிறது. நெல்லறுத்துக் கோதுமை விதைக்கச் சில வாரங்களே கிடைக்கின்றன. அறுவடை யந்திரமோ அடித்தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. நம் பக்கத்து மாடுகளுக்கு வைக்கோல் தீனி. அங்கே கோதுமைத் தாளே தீனி. ஆதலால் நெல்லின் தாளை எடுத்துச் செல்வார் இல்லை. கூலி கொடுத்து அகற்றுவதைக் காட்டிலும் ஒரு நெருப்புக் குச்சி மலிவு. இதைக் குற்றமென்போர் அந்த விவசாயியின் கணக்கைப் பார்த்தவரல்லர்.

பஞ்சாபில் மட்டும் வருஷத்திற்குச் சுமார் 2 கோடி டன் வைக்கோல் விளைகிறது. இதில் பாதிக்கு மேற்பட்டது சர்க்கரைச் சத்துக்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிய பொருளே. ஆவியாலும் அமிலத்தாலும் அக்கட்டைத் தளர்த்தி, என்ஸைம் எனப்படும் நொதிப்பொருளைச் சேர்த்தால் சர்க்கரை பிரியும். அதைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம். இது வெறும் யோசனையன்று. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் ஸ்தாபனத்தின் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். முயற்சி மெச்சத்தக்கதே, ஆனால் பஞ்சாபின் வைக்கோலோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குக்குத்தான் அது காணும்.

இத்தகைய ஆலைகள் பெருகாததற்குக் காரணம் செலவு. வைக்கோல் இலேசான சரக்கு. கட்டி, ஏற்றி, ஒரு வருஷம் நனையாமல் காப்பதற்கே பணம் கரைகிறது. என்ஸைமுக்கு வேறு தனிச்செலவு. எத்தனால் ஒன்றையே நம்பினால் கணக்கு நேராவது கடினம். கைகொடுக்கக்கூடியவை உடன்விளையும் ரஸாயனங்களே. அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியார் 1922-லேயே, குப்பையாய்க் கிடந்த ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபுரல் என்னும் திரவத்தை வியாபார முறையில் தயாரித்தனர். மசகெண்ணெயைச் சுத்திகரிக்கவும், வார்ப்புத் தொழிலுக்கு வேண்டிய பிசின் செய்யவும் அது உதவுகிறது. அஸ்ஸாமில் நுமாலிகர் ஆலை 2025-ல் மூங்கிலிலிருந்து எத்தனாலுடன் ஃபர்ஃபுரலும் அஸெடிக் அமிலமும் எடுக்கும் ஏற்பாட்டுடன் திறக்கப்பட்டது. மூங்கிலுக்குக் கிடைத்த யோகம் வைக்கோலுக்கு ஏன் கிடைக்கலாகாது?

பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இலக்கை 2025-ல் எட்டிவிட்டதாகச் சர்க்கார் பெருமை பேசுகின்றனர். அந்த எத்தனாலில் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வந்தது என்பதை மறக்கலாகாது. அரிசியை மோட்டாருக்கு ஊற்றிவிட்டு வைக்கோலைக் கொளுத்துவது என்ன பொருளாதாரமோ நமக்கு விளங்கவில்லை! உண்ணும் பண்டத்துக்கு ஆலைகளில் வரவேற்பு. உண்ணத்தகாத தாளுக்குத் தீ.

கரும்புக்கு இந்திய சர்க்கார் விலை நிர்ணயிக்கின்றனர். ஆலைக்காரர் அதற்குக் குறைத்து வாங்க முடியாது. வைக்கோலுக்கும் அவ்வாறே வயலோரத்தில் கிடைக்கும் விலையொன்றை அறுவடைக்கு முன்பே அறிவிக்கட்டும். கட்டும் யந்திரங்களைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கட்டும். இன்றேல் லாபம் முழுதும் தரகர் மடிக்கே போய்ச் சேரும். வைக்கோல் ஆலைக்கு உதவிப்பணம் கொடுக்கும்போது, எத்தனாலோடு ரஸாயனமும் எடுக்கவேண்டுமென்ற நிபந்தனையையும் சேர்க்கட்டும். அபராதச் சீட்டை நீட்டும் உத்தியோகஸ்தர் அதற்குப் பிறகு வயலுக்கு வரட்டும்.