பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம் என எந்தப் பக்கம் போனாலும், வீட்டுக் கொல்லையில் ஒரே இனக் கோழிகளைப் பார்ப்பது இப்போது அரிது. பரம்பரையாக வந்த சிறுவிடை இரண்டு, வண்டிக்காரரிடம் வாங்கிய கிராமப்பிரியா நான்கு, உறவினர் கொடுத்த அசீல் சேவல் ஒன்று, ஆசைக்கு வாங்கிய கருங்கோழி ஒன்று என எல்லாம் ஒரே கூண்டில் அடைகின்றன. அரசு மானியத்தில் வரும் குஞ்சுகளும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்கின்றன.

பல இனக் கோழிகளைச் சேர்த்து வளர்ப்பது தவறு என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கிராமப்பிரியா ஆண்டுக்கு 150 முட்டைக்கு மேல் இடும், ஆனால் அடைகாக்காது. சிறுவிடை 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆனால் அடைகாத்துக் குஞ்சுகளைப் பருந்திடம் இருந்தும் காப்பாற்றும். இரண்டும் ஒரு வீட்டில் இருப்பது லாபமே. சிக்கல் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று, சேவல்களைக் கணக்கில்லாமல் விடுவது. மற்றொன்று, பெரியது சிறியது பார்க்காமல் ஒரே கூண்டில் திணிப்பது.

முட்டை விற்பனைக்கு மட்டும் கோழி வளர்ப்பவருக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டைகள் முட்டையிடும். அந்தக் கருவில்லா முட்டைகள் கூடுதல் நாள் கெடாமலும் இருக்கும். குஞ்சு வேண்டும் என்பவருக்கு 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். பத்துப் பெட்டைக்கு மூன்று சேவல் விட்டால், அவை தங்களுக்குள் சண்டையிடும். பெட்டைகளையும் ஓயாமல் துரத்தும். முதுகில் சிறகு உதிர்ந்து தோல் தெரியும். பயந்த கோழி தீவனத்துக்கு இறங்காமல் குச்சியிலேயே நிற்கும். முட்டை குறைந்ததற்குத் தீவனத்தைக் குறை சொல்லும் முன், பெட்டையின் முதுகைத் தூக்கிப் பாருங்கள்.

எந்தச் சேவலை வைப்பது? வளர்ந்த அசீல் சேவல் 4 கிலோவைத் தாண்டும். சிறுவிடைப் பெட்டை ஒன்றரை கிலோவைத் தொடுவதே பெரிது. அந்த எடையை அதன் முதுகு தாங்காது. பெட்டைகளில் சிறியது எதுவோ, அதற்குப் பொருந்தும் சேவலையே வைக்க வேண்டும். குடவோலைக்குப் பெயர் எழுதும் முன் யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். சேவலைத் தேர்ந்தெடுக்கவும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

விதை விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா இரண்டும் கலப்பினங்கள். அவற்றின் முட்டையில் பொரிக்கும் குஞ்சுகள் தாயைப் போலவே முட்டையிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் சேவல் நம் சிறுவிடையோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால், அடைகாக்கும் குணம் மெல்ல மறையும். பிறகு குஞ்சுக்கு ஒவ்வொரு முறையும் கடையைத்தான் நம்ப வேண்டும். ஆகவே அடைக்கு வைக்கும் முட்டை சிறுவிடைச் சேவலுக்கும் சிறுவிடைப் பெட்டைக்கும் பிறந்ததாக இருக்கட்டும். சேவலை மாற்றினால் மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே அடைக்கு எடுக்க வேண்டும். முந்தைய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

அடுத்து கூண்டு. பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழிக்குத் தலா 1 முதல் 1.5 சதுர அடி வேண்டும். 12 கோழிக்கு 4 அடிக்கு 4 அடி கூண்டு சரியாக இருக்கும். நாள் முழுவதும் அடைத்து வைப்பவர்கள் 2 சதுர அடிக்குக் குறைக்கக் கூடாது. அமரும் குச்சியில் ஒரு கோழிக்கு 8 அங்குலம் தேவை. குச்சிகளை ஒரே உயரத்தில், தரையில் இருந்து ஒன்றரை அடிக்குள் கட்டுங்கள். உயரத்துக்கு நடக்கும் சண்டை குறையும்; கனமான கோழி குதித்துக் காலைக் கெடுத்துக் கொள்ளாது. நான்கைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு தீவனத் தட்டு, இரண்டு தண்ணீர்த் தட்டு வேண்டும். ஒரே தட்டு என்றால் வலுத்தது தின்னும், இளைத்தது பட்டினி கிடக்கும். தரைக்கு நம் ஊரில் நெல் உமியும் கடலைத்தோலும் தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறாதபடி தரையை உயர்த்துவது முக்கியம். வான்கோழியை இந்தக் கூண்டில் சேர்க்கவே கூடாது. கோழிக்குத் தொல்லை தராத கருந்தலை நோய்க் கிருமி வான்கோழியைக் கொன்றுவிடும்.

புதிய கோழி எங்கிருந்து வந்தாலும் மூன்று வாரம் தனியே இருக்க வேண்டும். பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். பிறகு ஒரு வாரம் வலைக்கு இருபுறமும் விட்டுப் பழக்கிச் சேர்க்கலாம். ஒவ்வொன்றாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் கொத்து குறையும். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சின் 7-ஆம் நாளில் சொட்டு மருந்தும் 8-ஆம் வாரத்தில் ஊசியும் போட வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமைத் தவற விடாதீர்கள்.

இங்கே துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்றியத்துக்கு 100 ஏழைப் பெண்கள் வீதம், 4 வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் கொடுத்த திட்டம் நல்ல திட்டம். ஆனால் 40 குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். கணவரை இழந்த ஒரு பெண்ணின் கொல்லையில் 20 சேவல் ஒன்றாக வளர்ந்தால் என்ன ஆகும்? காயம், சண்டை, அக்கம்பக்கத்தாரின் சச்சரவு. கடைசியில் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓய்ந்துவிடுவார். குஞ்சு கொடுப்பதோடு வேலை முடியக் கூடாது. 10, 12 வார வயதில் ஒருமுறை கள அலுவலர் வந்து, வைக்க வேண்டிய சேவல்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். மற்றவற்றைத் தனியே அடைத்து வளர்த்து, நான்கைந்து மாதத்தில் மொத்தமாக விற்கச் சுய உதவிக் குழு வழியாக ஏற்பாடு செய்யலாம். ரத்த உறவில் சேர்க்கை நடக்காமல் இருக்க, ஊருக்குள் சேவல்களை மாற்றிக் கொள்ளவும் அந்தக் குழுவே உதவும். பயிற்சி தரக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

இரண்டு கூண்டு கட்ட ஏழைக்கு இடமும் பணமும் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு கூண்டு தேவையில்லை. இருக்கும் கூண்டை நீட்டி, நடுவில் ஒரு வலைத் தடுப்பு வைத்தால் போதும். பொரித்த குஞ்சுக்கும் தாய்க்கும் பஞ்சாரம் இருக்கிறது. தனிநபருக்குக் கோழிக் கொட்டகை கட்டித் தந்த வழக்கம் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் உண்டு. குஞ்சு பெறும் பெண்களுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் கேள்விக்கே இடமில்லை.

கொல்லைக் கோழி, வீட்டுப் பெண்ணின் கையிருப்பு. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் அவசர மருந்துச் செலவுக்கும் அதுதான் கை கொடுக்கிறது. இன்று மாலை கோழி அடையும் நேரத்தில் கூண்டருகே நின்று சேவல்களை எண்ணுங்கள். கூடுதலாக இருப்பதை இந்த வாரமே பிரித்துவிடுங்கள்.