சிறு தொகைக்கு ஆடினால் சூது ஆகாதா?

‘அடியோடு விட்டுவிடு என்று யார் சொன்னது? பெரிய தொகைக்கு ஆடாதே. பத்து, இருபது என்று வைத்து ஆடு. கையிருப்பும் மிஞ்சும், போன நம்பிக்கையும் திரும்பி வரும்.’ சீட்டாட்டத்தில் பணத்தை இழந்து நிற்பவனுக்கு அனுபவசாலிகள் வழங்கும் அறிவுரை இது. போக்கர் ஆடுவோரிடையே இதற்கு ஓர் இலக்கணமே உண்டு. ஒரு மேசையில் அமர எவ்வளவு தேவையோ அதைப் போல் இருபது, முப்பது மடங்கு தனியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அது கரைந்து குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், வெட்கப்படாமல் சிறு தொகை மேசைக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே தேறியபின் மீண்டும் ஏற வேண்டும். நம் பகுதியில் பரவியது போக்கரை விட ரம்மிதான். ஆனால் அறிவுரை மாறாமல் வந்து சேர்ந்துவிட்டது. அது நம் வீட்டுப் பெரியவர்களின் வாயிலிருந்தே வரத் தொடங்கியிருப்பதால் இதனை எழுத வேண்டியதாயிற்று.

திருக்கடையூரை அறியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அறுபதாம் திருமணம், எண்பதாம் திருமணம் என்று ஆண்டு முழுவதும் வெளியூர்க் குடும்பங்கள் வந்து இறங்கும் ஊர் அது. அவர்களை ஏற்றி வரும் வேன்களின் ஓட்டுநர்களுக்கு, சடங்கும் விருந்தும் முடியும்வரை சில மணி நேரம் வேலையில்லை. ஆக்கூர், பொறையார், தரங்கம்பாடிப் பக்கத்து நம் பிள்ளைகளும் இவ்வாறு வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். கையில் கைப்பேசி, முன்னால் வெறும் நேரம். செயலிகள் தேடியது இத்தகைய நேரத்தைத்தான். வளைகுடாவில் பணி முடிந்து அறையில் தனித்திருக்கும் சபராளியின் இரவும் இதே வகையைச் சேர்ந்தது.

தொகையைக் குறைக்கச் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் வாதிடவில்லை. தோற்றதை மீட்க வட்டிக்கு வாங்கி ஆடுபவனோடு ஒப்பிட்டால், தோல்வியை ஒப்புக்கொண்டு கீழே இறங்குபவன் நிதானமுள்ளவனே. ஆனால் அந்த நிதானம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். அவன் நாளையும் ஆட வேண்டும் என்பதற்காகவே அது அவனுக்குக் கற்பிக்கப்படுகிறது.

முதலில் ‘இது திறமை விளையாட்டு’ என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1967 இல் ஆந்திரப் பிரதேச வழக்கொன்றில் கூறியது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த முதல் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற அடுத்த சட்டத்தை அதே ஆண்டு நவம்பர் 9 அன்று நிலைநிறுத்திய அந்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகச் சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது. சட்ட நூலின் பார்வையில் இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரரின் சொந்த விதி என்ன சொல்கிறது? திறமைசாலியும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தொடர்ந்து தோற்கக்கூடும். அந்நாள்களைத் தாங்க முப்பது மடங்கு கையிருப்பு வேண்டும் என்கிறது. தம் திறமை காரணமின்றித் தம்மைக் கைவிடக்கூடும் என்றஞ்சி எந்தக் கொத்தனாராவது முப்பது நாள் கூலியை ஒதுக்கி வைப்பாரா? நீதிமன்றத்தில் திறமை என்று வாதிட்டுவிட்டு, கையிருப்பைக் காக்கும் இடத்தில் மட்டும் அதிர்ஷ்டத்துக்கு அஞ்சுகிறார்கள்.

அடுத்து, கணக்கு. ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் ஒரு மேசையில் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு நூறு ரூபாய்; சேர்வது அறுநூறு. நடத்துபவர் பத்து விழுக்காடு கமிஷன் எடுத்தால் ஆட்டத்துக்கு அறுபது ரூபாய். யார் வென்றார், யார் தோற்றார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நூறு ஆட்டங்களுக்குரிய கமிஷன் மட்டும் ஆறாயிரம். மேசைக்கு வந்த பணம் முழுவதும் அதுதான். இப்போது அறிவுரையைக் கேட்டுப் பத்து ரூபாய் மேசைக்கு இறங்குகிறார்கள். ஆட்டத்துக்கு ஆறு ரூபாய் போகிறது. அதே ஆறாயிரம் கரைய ஆயிரம் ஆட்டங்கள் ஆகும். ஓர் ஆட்டம் ஐந்து நிமிடம் என்றால், முன்னதற்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பின்னதற்கு எண்பத்து மூன்று மணி நேரம். ஏறக்குறைய மூன்றரை நாள். அதற்குள் பதினேழு வக்துத் தொழுகை வந்து போய்விடும்.

பணம் காக்கப்பட்டதாக நாம் எண்ணும் இடத்தில் உண்மையில் நடந்தது இதுவே. நூறு ரூபாய் மேசையில் எட்டு மணி நேரத்தில் வெறுங்கையுடன் எழுந்திருக்க வேண்டியவன், பத்து ரூபாய் மேசையில் மூன்றரை நாள் உட்கார்ந்திருக்கிறான். பெரிய இழப்பு வீட்டில் தெரிந்துவிடும். மனைவி கேட்பாள், அத்தா கேட்பார், ஜமாஅத்துக்குக்கூடச் செய்தி வரும். பத்துப் பத்தாகப் போவதை எவரும் கேட்பதில்லை.

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் (5:90, 91) சூது விலக்கப்பட்ட இடத்தை மீண்டும் ஒருமுறை நிதானமாக ஓதிப் பாருங்கள். அங்கே கூறப்படும் காரணங்கள் மனிதரிடையே பகையும் வெறுப்பும் விளைதல், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கப்படுதல். எவ்வளவு பணம் என்ற பேச்சே அங்கில்லை. இதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதையும் மறைக்காமல், பாவமே பெரிது என்று இரண்டாம் அத்தியாயம் (2:219) அறிவிக்கிறது. அந்தப் பயன் என்ன? அறியாமைக்கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு அம்புகளால் சூதாடினர் என்றும், வென்றவர் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை கொண்டனர் என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். பஞ்ச காலத்தில் ஏழைக்குச் சோறிட்ட சூதே விலக்கப்பட்டிருக்க, செயலிக்குக் கமிஷன் கொடுக்கும் சூதுக்கு ‘சிறு தொகை’ என்ற சலுகை எங்கிருந்து வரும்? தோழனைச் சூதாட அழைத்தவர் அந்த அழைப்புக்காகவே தர்மம் செய்ய வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அங்கே ஒரு காசுகூடக் கைமாறியிருக்கவில்லை.

இதைக் கேட்டதும் சிலர், ‘எங்கள் விவசாயமும் சூதுதானே?’ என்பார்கள். கடைமடையில் நிலம் வைத்திருப்பவரின் வாயில் இச்சொல் வருவதை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பட்ட பாடு அத்தகையது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை, 2024 இல் போதிய நீரின்றி ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் குறுவை போட்டார். ஆற்றுநீரை மட்டுமே நம்பியவர் பலர் குறுவையை விட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தனர். இதுவும் இறங்கி நிற்றல்தான், கையிருப்பைக் காத்தல்தான். ஆனால் அவர் விட்டது ஒரு போகத்தை. மழை பெய்தால் அவருக்கும் அடுத்த வயல்காரருக்கும் சேர்த்தே விளையும். ஒருவர் நெல் பெறுவதற்கு மற்றவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அறுவடை பொய்த்தாலும் உழுதவருக்கும் நட்டவருக்கும் கூலி போயிருக்கும், வைக்கோலாவது மாட்டுக்கு மிஞ்சும். ஆறு பேர் மூன்றரை நாள் சீட்டாடிய மேசையில் ஒரு மரக்கால் நெல்கூட விளையவில்லை. வியாபாரத்தின் நட்டத்தை மார்க்கம் அனுமதித்ததும் சூதின் இலாபத்தை விலக்கியதும் இந்த வேறுபாட்டினால்தான்.

அரசின் நடவடிக்கைகளைக் காட்டி ஆறுதல் அடைவோரும் உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு வகுத்த விதிகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடத் தடை விதித்தன. செலவு வரம்பையும் ஏற்படுத்தின. உயர் நீதிமன்றம் அவற்றை ஜூன் மாதம் ஏற்றது. அதுவும் ஒருவகையில் ‘குறைத்து ஆடு’ என்பதே. பின்னர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே அது ஒதுக்கிவிட்டு, இணையவழிப் பண விளையாட்டை நடத்துவதைத் தடை செய்தது. வரவேற்கிறோம். ஆயினும் அச்சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. மனமகிழ் மன்றங்களின் சீட்டு மேசைகள் அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. சபராளிக்கோ வேறு சட்டம்; ஐக்கிய அரபு அமீரகம் 2023 இல் சூதாட்டத்துக்கு ஓர் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்து, மறு ஆண்டு லாட்டரிக்கு உரிமமும் வழங்கியது. ‘அரபு நாட்டிலேயே அனுமதித்துவிட்டார்கள்’ என்று ஒருவர் பெருமையோடு சொன்னாராம். அரபு நாட்டு அரசாணை எப்போது ஹதீஸ் ஆயிற்று என்று தெரியவில்லை.

ஆகவே பெற்றோரிடமும் மச்சான்மார்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: பிள்ளை வந்து ‘தோற்றுவிட்டேன்’ என்று சொன்னால், அவனுக்குச் சிறு மேசையைக் காட்டாதீர்கள். இழந்த தன்னம்பிக்கையை ஆட்டத்திலேயே மீட்கச் சொல்வது, தன்னைவிட எளியவனைத் தேடிப்பிடித்து வெல்லச் சொல்வதாகும். கீழ்மேசையில் அமர்ந்திருப்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. கடனை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கென ஒதுக்கி வைத்த ‘கையிருப்பு’ ஏதேனும் இருந்தால், முதலில் அது கடனுக்குப் போகட்டும். செயலியும் கணக்கும் அன்றே நீங்க வேண்டும்; அவன் மனைவிக்கு முழுத் தொகையும் தெரிய வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் வேலை இருக்கிறது. பல மஹல்லாக்களில் பைத்துல்மால் உண்டு. வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். மருத்துவம், படிப்பு, திருமணம் என்று காரணங்களைக் கேட்கும் நிர்வாகிகள், சூதில் விழுந்து தவ்பா செய்து வருபவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவன் பிறகு வட்டிக்காரனிடம்தான் போகிறான். ஸகாத் பெறுவோரின் வரிசையில் கடனாளியும் (9:60) உண்டு. பாவத்தில் பட்ட கடனாயின் முதலில் தவ்பா வேண்டும் என்று அறிஞர்கள் நிபந்தனை வைத்தார்களே தவிர, கதவை அடைக்கச் சொல்லவில்லை. பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே செலுத்தலாம். அடுத்த ரமலானுக்குள் ஒவ்வொரு மஹல்லாவும் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கலாம். எவ்வளவு என்பதை ஜும்ஆ முடிந்ததும் நிர்வாகிகள் உட்கார்ந்து பேசட்டும்.