புலியின் கழுத்தில் மணி!

"புலியின் கழுத்தில் மணி இருக்கிறது. அதை யாரால் அவிழ்க்க முடியும்?"

சீனாவில் ஒரு புத்த குரு சீடர்களிடம் இப்படிக் கேட்டாராம். "கட்டியவரால்தான் முடியும்!" என்றார் ஒரு சீடர். இது அங்கே பழமொழியாகவே ஆகிவிட்டது.

குடும்பச் சண்டையைத் தீர்க்கும் மனநல ஆலோசகருக்கு இது அருமையான மருந்து. ஏன் தெரியுமா?

சீனாவில் "முகம்" என்றால் மானம். "வீட்டு அசிங்கத்தை வெளியே சொல்லாதே" என்பதும் அவர்கள் பழமொழிதான்.

1980 முதல் 2015 வரை அங்கே ஒரே குழந்தைத் திட்டம் இருந்தது. நகரத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே பிள்ளை. "மகன் டிராகன் ஆகவேண்டும்" என்பது பெற்றோரின் ஆசை. டிராகன் அங்கே மங்கலச் சின்னம். பேரும் புகழும் பெறவேண்டும் என்று அர்த்தம்!

"படி, படி" என்கிறார் அப்பா. பையன் பேச்சையே நிறுத்திவிடுகிறான்.

"தப்பு உங்களுடையது" என்று மகன் எதிரில் சொன்னால் அப்பாவின் முகம் போய்விடும். மறுபடி வரமாட்டார். மணிக் கதையைச் சொல்லி, "உங்கள் வீட்டு மணியைக் கட்டியது யார்?" என்று கேட்டால்? யார் மீதும் பழி இல்லை. அப்பாவே யோசிப்பார்.

ஆனால் அடி உதை நடக்கும் வீட்டில் கதை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அதைத் தடுக்க 2016-இல் அங்கே தனிச் சட்டமே வந்துவிட்டது. அங்கே நேராகத்தான் பேசவேண்டும்.

மற்ற வீடுகளில் கதை பேசட்டும். கட்டிய கையே மணியை அவிழ்க்கட்டும்!