சீன எழுத்து படம் அல்ல!

சீன மொழி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் "பட எழுத்து". சூரியனுக்கு ஒரு படம், மலைக்கு ஒரு படம், மரத்துக்கு ஒரு படம். அதனால் சீனர்கள் எழுத்தைப் பார்த்தவுடன், ஒலியின் உதவியே இல்லாமல், பொருளை நேராகப் பிடித்துக் கொள்கிறார்கள் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அது இல்லை. இந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவர்கள் படிக்கத் தடுமாறும் குழந்தைகள் என்பதுதான் வருத்தமான விஷயம்.

எழுத்தின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் என்ற அறிஞர் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள் இருந்தன. அவற்றில் நிஜமான படங்கள் சில நூறு மட்டுமே. பெரும்பாலானவை இரண்டு உறுப்புகளைச் சேர்த்துச் செய்தவை. ஓர் உறுப்பு பொருளைக் கோடி காட்டும், மற்றது ஒலியைக் காட்டும். "அம்மா" என்று பொருள்படும் எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை! சீனத்தில் குதிரைக்குப் பெயர் "மா". அம்மாவும் "மா"தான், தொனி மட்டும் வேறு. குதிரை அங்கே நிற்பது ஒலிக்காக.

இன்னொரு உதாரணம். "ச்சிங்" என்று ஒலிக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதோடு நீர் சேர்ந்தால் "தெளிவு", சூரியன் சேர்ந்தால் "மேகமில்லாத வானம்", இதயம் சேர்ந்தால் "உணர்ச்சி", பேச்சு சேர்ந்தால் "வேண்டுகோள்". நான்குமே "ச்சிங்"தான், தொனிதான் மாறும். எல்லா எழுத்தும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஆனாலும் சீனாவில் தொடக்கப் பள்ளியை முடிக்கும் குழந்தை சுமார் 3,000 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும். அத்தனையையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய எந்தக் குழந்தையால் முடியும்? உறுப்புகளாகப் பிரித்து அடுக்கி வைப்பதால்தான் முடிகிறது.

சரி, வாசிக்கும் மனதுக்குள் என்ன நடக்கிறது? 2000இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. எழுத்து அச்சாகியிருக்கும் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்பதே சோதனை. "சிவப்பு" என்ற எழுத்தைப் பச்சை மையில் அச்சடித்தால் யாரும் திணறுவார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் "வெள்ளம்" என்ற எழுத்தைக் காட்டியபோதும் தடுமாற்றம் ஏற்பட்டது. காரணம், சீனத்தில் சிவப்பும் "ஹொங்", வெள்ளமும் "ஹொங்". வாசிக்கவே தேவையில்லாத இடத்திலும் ஒலி தானாக மனதில் எழுந்துவிடுகிறது!

ஒலி முதலில் வருகிறதா, பொருள் முதலில் வருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. ஒலி பொருளுக்கு முந்துகிறது என்று பெர்ஃபெட்டியும் டானும் 1998இல் எழுதினார்கள். பொருள் ஒன்றும் பின்தங்கவில்லை என்று ஜோ ஷியாவோலினும் மார்ஸ்லன்-வில்சனும் 2000இல் மறுத்தார்கள். ஆனால் ஒலி எழவே இல்லை என்று இரு தரப்புமே சொல்லவில்லை.

"பெய்ஜிங்காரரும் ஹாங்காங்காரரும் ஒரே எழுத்தை வேறு வேறாக உச்சரிக்கிறார்களே, அப்படியானால் ஒலி எதற்கு?" என்று கேட்கலாம். அவரவர் தம் பேச்சின் ஒலியோடு வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். ஹாங்காங்கின் கான்டனீஸ் பேச்சிலும் அந்த நான்கு "ச்சிங்" எழுத்துகளும் ஒத்த ஒலியோடுதான் இருக்கின்றன.

இனி குழந்தைகள் விஷயம். 1968இல் மகிதா என்ற ஜப்பானிய மருத்துவர், ஜப்பானியக் குழந்தைகளிடம் வாசிப்புக் குறைபாடு அபூர்வம் என்றும் அதற்கு அவர்களின் எழுத்துமுறையே காரணம் என்றும் எழுதினார். ஆனால் அவர் குழந்தைகளை நேரில் சோதிக்கவில்லை, ஆசிரியர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தார். 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஆங்கிலம் வாசிக்கத் திணறிய குழந்தைகள் 30 சீன எழுத்துகளைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். உடனே "பட எழுத்து சுலபம்" என்ற நம்பிக்கை வலுத்தது. 30 எங்கே, 3,000 எங்கே!

1982இல் ஸ்டீவன்சன் குழுவினர் ஜப்பான், தைவான், அமெரிக்கா மூன்றிலும் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை ஒரே விதமாகச் சோதித்தார்கள். வாசிப்புக் குறைபாடு மூன்று இடத்திலும் இருந்தது. அதன் பிறகும், ஹாங்காங்கில் சீன வாசிப்புக்கென்று தனிச் சோதனை 2000இல்தான் வந்தது. அதுவரை எத்தனை பிள்ளைகள் "சோம்பேறி", "மக்கு" என்று திட்டு வாங்கியிருப்பார்கள்? படத்தைப் பார்த்துச் சொல்வது போன்ற சுலபமான வேலை என்று நினைத்தால், அதைச் செய்ய முடியாத பிள்ளையிடம்தான் குறை என்று தோன்றும்.

சீன எழுத்தைப் படம் என்று புகழ்வது அதற்குப் பெருமை சேர்ப்பதாகாது. கண், காது, நினைவு மூன்றையும் ஒன்றாக உழைக்க வைக்கும் எழுத்து அது. அந்த உழைப்பை ஒப்புக்கொண்டால்தான், தடுமாறும் குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தேடவாவது தோன்றும்.